வறட்சி வந்தால் காசோலை வருமா? அமெரிக்க விவசாய நிவாரணம் பற்றி ஓர் எளிய விளக்கம்

2024 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றம், விவசாயிகளுக்காகச் சுமார் 3,100 கோடி டாலர் ஒதுக்கியது. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் இரண்டு பேச்சு தவறாமல் கிளம்பும். "அமெரிக்க விவசாயி கொடுத்து வைத்தவர், மழை பொய்த்தாலும் அரசு பார்த்துக்கொள்ளும்" என்பது ஒன்று. "எல்லாம் இனாம் பணம், இருக்கிறவனுக்கே மேலும் மேலும் கொட்டுகிறார்கள்" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேச்சுமே நிவாரணம் என்பதை ஒரே உண்டியலாக நினைத்துக்கொள்கின்றன. அங்கே இருப்பவை பல உண்டியல்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு பூட்டு, வேறு சாவி. எதைத் திறந்தாலும் நட்டம் முழுசாகத் திரும்பக் கிடைப்பது அபூர்வம்.

அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். இதற்கு விவசாயம் தெரிந்திருக்க வேண்டாம், அமெரிக்கச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டாம்.

## வண்டி இடித்துக்கொண்டது என்று வையுங்கள்

உங்கள் வண்டி ஒரு விபத்தில் நசுங்கிவிட்டது. பணம் எங்கிருந்தெல்லாம் வரலாம்?

முதல் வழி, காப்பீடு. வருடா வருடம் நீங்கள் கட்டிய பணத்துக்குப் பதிலாக வருவது. அதிலும் முதல் கொஞ்சம் செலவை நீங்களே ஏற்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதியிருக்கும்.

இரண்டாவது, நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு விதி. "ஊழியரின் வண்டி சேதமானால் இத்தனை ரூபாய்" என்று முன்பே எழுதி வைத்திருப்பார்கள். உங்கள் வண்டி புதுசா பழசா, எவ்வளவு ஆசையாக வாங்கினீர்கள் என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். அட்டவணையில் என்ன இருக்கிறதோ அதுதான்.

மூன்றாவது, விஷயம் கேள்விப்பட்டு நண்பர்கள் கூடிப் போடும் பணம். வரலாம், வராமலும் போகலாம். எவ்வளவு சேர்கிறது என்பது அன்றைக்கு யார் யார் கையில் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது.

நான்காவதாக ஒருவர் வந்து கடன் கொடுக்கிறேன் என்பார். அதுவும் உதவிதான். ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்க விவசாய நிவாரணம் ஏறக்குறைய இந்த நான்கின் கலவை. பயிர்க் காப்பீடு முதல் வகை. கால்நடைக்கும் மேய்ச்சலுக்குமான நிலையான திட்டங்கள் இரண்டாம் வகை. காங்கிரஸ் அவ்வப்போது சட்டம் போட்டு ஒதுக்கும் தொகை மூன்றாம் வகை. நான்காவது, அவசரக் கடன். செய்தித் தலைப்பில் அதிகம் அடிபடுவது மூன்றாவது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது நான்காவது. அதனால் கடைசியிலிருந்தே தொடங்கலாம்.

## அறிவிப்பு வேறு, பணம் வேறு

"இத்தனை கவுண்டிகள் பேரிடர்ப் பகுதியாக அறிவிப்பு" என்று செய்தி வரும். கவுண்டி என்பது மாநிலத்துக்கு உள்ளே இருக்கும் நிர்வாகப் பிரிவு. நம் மாவட்டம் மாதிரி, ஆனால் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. அறிவிப்பு வந்ததும் விவசாயி வீட்டுக்குப் பணம் கிளம்பிவிட்டது என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். அப்படி எதுவும் கிளம்பியிருக்காது.

இங்கே இரண்டு வகை அறிவிப்புகள் உண்டு. குடியரசுத் தலைவர் செய்யும் அறிவிப்பின் கீழ் ஃபீமா என்னும் பேரிடர் மேலாண்மை அமைப்பு வரும். அது வீடு, தற்காலிகத் தங்குமிடம், சாலை, பாலம் ஆகியவற்றைப் பார்க்கும். விளைந்து அழிந்த சோளத்துக்கோ செத்த மாட்டுக்கோ ஃபீமா பணம் தருவதில்லை. அது வேளாண்மைத் துறையின் வேலை.

இன்னொன்று, வேளாண்மைத் துறைச் செயலாளர் செய்யும் அறிவிப்பு. ஒரு கவுண்டியில் ஏதாவது ஒரு பயிரிலாவது விளைச்சல் குறைந்தது 30 சதவீதம் போயிருந்தால் அதைச் செய்யலாம். எல்லையை ஒட்டியிருக்கும் பக்கத்துக் கவுண்டிகளும் தாமாகவே அதில் சேர்ந்துகொள்ளும். சரி, சேர்ந்தால் என்ன கிடைக்கும்? முக்கியமாக, அவசரக் கடனுக்கு விண்ணப்பிக்கும் தகுதி. அறிவிப்பு வந்த நாளிலிருந்து எட்டு மாதம் அவகாசம். அதிகபட்சம் 5 லட்சம் டாலர். வட்டி குறைவு. ஆனாலும் அது கடன்தான்.

ஏற்கெனவே கடனில் இருக்கும் ஒருவரிடம், விளைச்சலும் போன வருடத்தில், இன்னொரு கடனைக் காட்டி "உதவி வந்துவிட்டது" என்று சொன்னால் அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். வரைபடத்தில் சிவப்பாகப் பூசப்பட்ட கவுண்டிகளின் எண்ணிக்கையை வைத்து நிவாரணத்தை அளப்பது எவ்வளவு தப்பு என்பது அப்போது புரியும்.

## பயிர்க் காப்பீடு: பெரிய உண்டியல் இதுதான்

அமெரிக்க அரசு பயிர்க் காப்பீட்டில் இறங்கியது 1938-ல். 1930-களின் கொடும் வறட்சியும் புழுதிப் புயல்களும் நடுச் சமவெளியைச் சூறையாடியிருந்த காலம். முதலில் கோதுமைக்கு மட்டும். பல பத்தாண்டுகள் அது சிறிய திட்டமாகவே கிடந்தது. 1980-ல் தனியார் நிறுவனங்களை உள்ளே விட்டார்கள். 1994-லும் 2000-லும் வந்த சட்டங்கள் மானியத்தைக் கூட்டின. அதற்குப் பிறகுதான் அது இன்றைய அளவுக்கு வளர்ந்தது.

இப்போது அது நடக்கும் விதம் இது. விவசாயி தனியார் நிறுவனத்தின் முகவரிடம் பாலிசி எடுக்கிறார். அதற்குக் கட்டும் தொகை பிரீமியம். அதில் சராசரியாக 60 சதவீதத்துக்கும் சற்று மேலே அரசு கட்டுகிறது. மீதி விவசாயியின் கைப்பணம். நிறுவனத்தின் நிர்வாகச் செலவிலும் அரசுக்குப் பங்கு உண்டு, பெரிய நட்டம் வந்தால் நிறுவனத்தைத் தாங்கிப் பிடிப்பதிலும் பங்கு உண்டு. பிரீமியம் எவ்வளவு என்று நிர்ணயிப்பதும் அரசே. ஆகவே கடையில் பெயர்ப்பலகை தனியாருடையது, சரக்கு அரசினுடையது.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் மக்காச்சோளத்தைப் புஷல் என்ற அளவில் அளப்பார்கள். ஒரு புஷல் சுமார் 25 கிலோ. ஒரு விவசாயியின் நிலத்தில் பல வருடச் சராசரி ஏக்கருக்கு 200 புஷல் என்று வைப்போம். அவர் 75 சதவீத அளவுக்குப் பாலிசி எடுக்கிறார். அப்படியானால் அவருக்கு உறுதியளிக்கப்பட்ட விளைச்சல் 150 புஷல். அந்த வருடம் மழை ஏமாற்றி, 90 புஷல்தான் வந்தது. 150-க்கும் 90-க்கும் இடையில் உள்ள 60 புஷலுக்குத்தான் காப்பீடு. விலை புஷலுக்கு 4 டாலர் என்றால் ஏக்கருக்கு 240 டாலர் கிடைக்கும்.

அவருடைய உண்மையான குறைவு 110 புஷல், அதாவது 440 டாலர். 240 வந்தது, 200 போனது. இதுதான் காப்பீட்டின் இயல்பு. முதல் 50 புஷலின் நட்டம் அவர் தலையில். அதற்குக் கீழே போனால்தான் பத்திரம் வாய் திறக்கும். 160 புஷல் விளைந்திருந்தால் ஒரு சென்ட் கூட வந்திருக்காது.

50 சதவீதத்திலிருந்து 85 சதவீதம் வரை எந்த அளவை எடுப்பது என்று விவசாயி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மேலே போகப் போக பிரீமியமும் ஏறும், அரசு கட்டும் பங்கும் குறையும். விளைச்சலை மட்டும் பார்க்காமல் விளைச்சல், விலை இரண்டையும் பெருக்கி வரும் வருமானத்துக்கே காப்பீடு செய்யும் வகைதான் பெரிய பயிர்களில் இன்று அதிகம். கணக்கின் எலும்புக்கூடு இதேதான் என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை.

காப்பீடே கிடைக்காத பயிர்களும் இருக்கின்றன. சில காய்கறிகள், சில மூலிகைகள், சில இடங்களில் வைக்கோல் புல். இவற்றுக்கு 'நாப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு தனித் திட்டம் உண்டு. கட்டணம் ஒரு பயிருக்கு 325 டாலர். அடிப்படை நாப்பில் பாதி விளைச்சலுக்கு மேல் போனால்தான் கதவு திறக்கும். அதிலும் சந்தை விலையில் 55 சதவீதமே கணக்கில் வரும். நூறு கிலோ விளைய வேண்டிய இடத்தில் ஒன்றுமே விளையவில்லை என்றாலும் ஐம்பது கிலோவுக்கு, பாதி விலையை ஒட்டித்தான் பணம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, அந்த மாதிரி. கூடுதல் கட்டணம் கட்டி இதை உயர்த்திக்கொள்ளவும் வழி இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அறிவிப்பு என்பது பெரும்பாலும் கடனுக்கான கதவு. பயிர் போனால் முதலில் வருவது காப்பீட்டுப் பணம். அதற்கு விவசாயியும் பணம் கட்டியிருக்கிறார். அது நட்டத்தின் ஒரு பகுதிக்கு மட்டும்.

## மாடு செத்தால்?

பயிர் போகும் வருடத்தில் நிலமாவது மிஞ்சும். மந்தை போனால் அடுத்த வருடத்துக் கன்றும் சேர்ந்தே போகிறது. மேற்கு மாநிலங்களில் பெரும் பரப்பில் மாடு மேய்த்து வாழ்பவர்களை ராஞ்சர் என்பார்கள். மேய்ச்சல் பண்ணைக்காரர் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். இவர்களுக்குப் பயிர்க் காப்பீடு போல ஆழமாக வேரூன்றிய ஏற்பாடு நெடுநாள் இல்லை. 2008-ல் வந்த விவசாயச் சட்டம்தான் கால்நடை இறப்பு, மேய்ச்சல் இழப்பு, தேனீயும் வளர்ப்பு மீனும், பழ மரங்கள் என்று தனித்தனித் திட்டங்களை ஒரே கட்டாகக் கொண்டுவந்தது. ஆனால் அவற்றுக்கு ஒரு காலாவதித் தேதியும் போட்டிருந்தார்கள். 2011 செப்டம்பர் 30-ஓடு அவை முடிந்தன.

அதற்கு அடுத்த வருடம், 2012-ல், நாட்டின் நடுப்பகுதி முழுவதையும் கடும் வறட்சி பிடித்தது. மேய்ச்சலுக்கான திட்டம் அப்போது உயிரோடு இல்லை. 2013 அக்டோபர் முதல் வாரத்தில் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் ஒரு பனிப்புயல் அடித்தது. குளிர்காலம் இன்னும் தொடங்கவே இல்லை. மாடுகளுக்குக் குளிர்கால ரோமம் வளரவில்லை, பலவும் கோடை மேய்ச்சல் வெளியிலேயே நின்றன. முதலில் மழை நனைத்தது, அப்புறம் பனி கொட்டியது, கூடவே கடும் காற்று. ஆயிரக்கணக்கான மாடுகள் நின்ற இடத்திலும் வேலி ஓரத்திலும் ஓடைப் பள்ளத்திலும் செத்துக் கிடந்தன. இறப்புக்கு ஈடு தரும் திட்டமும் காலாவதியாகியிருந்தது. போதாக்குறைக்கு அந்த வாரம் பட்ஜெட் தகராறில் அமெரிக்க அரசு அலுவலகங்களே மூடியிருந்தன. போய் விசாரிக்கக் கூட ஆள் இல்லை.

2014 பிப்ரவரியில் வந்த புதிய விவசாயச் சட்டம் இந்தத் திட்டங்களுக்குக் காலாவதி இல்லாமல் ஆக்கியது. 2011 அக்டோபர் 1 வரை பின்னோக்கிப் போய்ப் பணம் தரவும் வழி செய்தது. விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது 2014 ஏப்ரலில். 2012 வறட்சியில் மந்தையை விற்றுவிட்டவருக்கு அந்தப் பணம் இரண்டு வருடம் தாமதம்.

கால்நடை இறப்பு ஈடு. இத்திட்டம் மோசமான வானிலையால் செத்த கால்நடைக்கு அதன் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் தரும். அரசே காட்டில் மீண்டும் கொண்டுவிட்ட அல்லது சட்டம் பாதுகாக்கும் ஓநாய் போன்ற விலங்குகள் கொன்றாலும் ஈடு உண்டு. 2025-ல் வந்த சட்டம் இந்த இரண்டாவது வகைக்கு மட்டும் முழு விலையாக உயர்த்தியது. நியாயம்தான், ஓநாயைக் காப்பாற்று என்று சொல்கிற சட்டம் அது தின்ற கன்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் அல்லவா.

இதில் இரண்டு நுணுக்கம். ஒன்று, இயல்பு இறப்பு. புயலே வராத வருடத்திலும் மந்தையில் சில செத்துத்தான் போகும். அந்த விகிதத்தை மாநிலவாரியாக வகுத்து வைத்திருக்கிறார்கள். 200 மாட்டில் சாதாரணமாக 3 சாகும் என்று கணக்கு இருந்து, பனிப்புயலில் 40 செத்தால், 37-க்குத்தான் பணம். இன்னொன்று, அட்டவணை விலை. இனப்பெருக்கத்துக்காகப் பார்த்துப் பார்த்து வளர்த்த உயர்ந்த காளையானாலும் அந்த வகைக் காளைக்கு அந்த வருட அட்டவணையில் உள்ள தொகைதான். வேலை இடத்து விதியைச் சொன்னேனே, அது இதுதான்.

மேய்ச்சல் இழப்பு ஈடு. எனக்குச் சுவாரசியமானது இந்தத் திட்டம். மற்றவை எல்லாம் "உனக்கு எவ்வளவு போச்சு?" என்று ஏதோ ஒரு விதத்தில் கேட்கும். இது கேட்காது. வரைபடத்தைப் பார்க்கும்.

1999 முதல் அமெரிக்காவில் வாராவாரம் வியாழக்கிழமை ஒரு வறட்சி வரைபடம் வெளியாகிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருக்கும் வறட்சி மையமும், வேளாண்மைத் துறையும், கடல் மற்றும் வளிமண்டல ஆய்வு நிர்வாகமும் சேர்ந்து அதைத் தயாரிக்கின்றன. மழையளவு, மண் ஈரம், ஆற்று நீரோட்டம், உள்ளூர்ப் பார்வையாளர்களின் தகவல் எல்லாவற்றையும் வைத்து நிபுணர்கள் முறை வைத்து வரைகிறார்கள். டி0 என்றால் வழக்கத்தைவிட வறண்ட நிலை. டி1, டி2, டி3 என்று ஏறி, டி4 மிகக் கொடிய வறட்சி.

மேய்ச்சல் காலத்தில் ஒரு கவுண்டியின் எந்த மூலையிலாவது டி3 ஒரு தடவை தொட்டுவிட்டால், அந்தக் கவுண்டியில் தகுதியுள்ள மேய்ச்சல் பண்ணைகளுக்கு மூன்று மாதத் தவணை. டி4 தொட்டால் நான்கு. டி4 நான்கு வாரம் நீடித்தால் ஐந்து. டி2 மட்டும் இருந்தால் அது தொடர்ந்து எட்டு வாரம் நிற்க வேண்டும் என்று இருந்தது. 2025 சட்டம் அதை நான்கு வாரமாகத் தளர்த்தியது.

ஒரு மாதத் தவணை என்பது என்ன? மாடுகளின் ஒரு மாதத் தீவனச் செலவு ஒரு தொகை. அந்த நிலம் சாதாரண வருடத்தில் எத்தனை மாட்டைத் தாங்குமோ அதை வைத்துக் கணக்கிட்டது இன்னொரு தொகை. இரண்டில் எது குறைவோ அதில் 60 சதவீதம். ஆகவே நூறு மாடு தாங்கும் நிலத்தில் நூற்றைம்பது மாடு விட்டிருந்தாலும் நூறுக்குத்தான்.

இதன் நன்மை வெளிப்படை. ஒவ்வொரு பண்ணையிலும் புல்லை அளந்துகொண்டிருந்தால் மாடு செத்த பிறகுதான் பணம் வரும். வரைபடம் ஒரே நாளில் முடிவு சொல்லிவிடும். கோளாறும் வெளிப்படை. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கவுண்டி, அந்தப் பக்கம் வேறு கவுண்டி. இரண்டு பக்கமும் ஒரே காய்ந்த புல். இந்தப் பக்கத்துக் கவுண்டியின் கோடியில், முப்பது மைலுக்கு அப்பால், டி3 தொட்டிருக்கிறது. இவருக்கு மூன்று மாதத் தவணை, எதிர்ப்பக்கத்துக்காரருக்கு ஒன்றுமில்லை. வாராவாரம் வியாழன் காலை அந்த வரைபடத்தை மேய்ச்சல்காரர்கள் ஏன் அப்படி உற்றுப் பார்க்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

தேனீ, வளர்ப்பு மீன், வறட்சியில் மாட்டுக்கு லாரியில் தண்ணீரோ தீவனமோ கொண்டு போகும் செலவு ஆகியவற்றுக்கு வேறொரு திட்டம். 2024-ல் பறவைக் காய்ச்சல் கறவை மாடுகளுக்குப் பரவியபோது பால் இழப்புக்கும் அதிலிருந்தே கொடுத்தார்கள். பழ மரங்கள் பட்டுப்போனால் மறுநடவுச் செலவில் ஒரு பங்கு தரும் திட்டமும் உண்டு.

மறுபடி ஒரு நிமிடம் நின்று பார்ப்போம். கால்நடைத் திட்டங்கள் நிலையானவை. யாரும் புதிதாகச் சட்டம் போட வேண்டியதில்லை, பிரீமியமும் இல்லை. ஆனால் தொகை அட்டவணையிலிருந்தோ வரைபடத்திலிருந்தோ வருகிறது.

## காங்கிரஸ் அவ்வப்போது ஒதுக்கும் பணம்

முதல் பத்தியில் சொன்ன 3,100 கோடி டாலருக்கு இப்போது வரலாம். காப்பீடும் நிலையான திட்டங்களும் இருக்கும்போது தனியாக ஏன் ஒதுக்க வேண்டும்?

ஓட்டைகள் இருப்பதுதான் காரணம். 2019 மார்ச்சில் நெப்ராஸ்காவிலும் அயோவாவிலும் வந்த வெள்ளத்தில் பண்ணைக் குதிர்களில் சேமித்திருந்த தானியம் ஊறிப் போனது. குதிர்கள் வெடித்துத் தானியம் வெளியே சரிந்து கிடந்தது. பயிர்க் காப்பீடு அறுவடை வரைதான். அறுத்துக் குதிரில் போட்ட பிறகு அது பயிர் இல்லை, சரக்கு. நிலையான திட்டம் எதிலும் அதற்கு இடமில்லை. பிறகு காங்கிரஸ் ஒதுக்கிய பேரிடர் நிதியிலிருந்துதான் குதிர் தானியத்துக்கென்று ஒரு வழி பிறந்தது.

இரண்டாவது காரணம், நாம் போட்ட கணக்கிலேயே இருக்கிறது. அந்த 200 டாலர், விவசாயியின் தலையில் விழுந்த பங்கு. அதில் கொஞ்சத்தையாவது அரசு ஏற்கட்டும் என்று அழுத்தம் வரும். 2017 சூறாவளிகளுக்கும் காட்டுத்தீக்கும் ஒரு சட்டம், 2018, 2019-க்கு ஒன்று, 2020, 2021-க்கு 1,000 கோடி டாலர், 2022-க்கு ஒன்று என்று தொடர்ச்சியாக வந்தன. திட்டத்தின் பெயர் அடிக்கடி மாறும். சாரம் ஒன்று: காப்பீடு விட்ட பள்ளத்தில் ஒரு பகுதியை நிரப்புவது.

இங்கேதான் நண்பர்கள் கூடிப் போட்ட பணம் என்ற உவமை பொருந்துகிறது. பானை முதலில் நிறுத்தப்படுகிறது, பங்கு பின்னால் பிரிக்கப்படுகிறது. 2024 டிசம்பர் ஒதுக்கீட்டில் சுமார் 1,000 கோடி விலை வீழ்ச்சியாலும் செலவேற்றத்தாலும் அடிபட்டவர்களுக்கு. அதற்கும் இயற்கைச் சீற்றத்துக்கும் சம்பந்தமில்லை. மீதி ஏறக்குறைய 2,080 கோடிதான் 2023, 2024 ஆண்டுகளின் பேரிடர் இழப்புக்கு. அதன் முக்கியப் பகுதிக்கு விண்ணப்பம் திறந்தது 2025 ஜூலையில். 2023 கோடையில் பயிர் போனவர் இரண்டு வருடம் காத்திருந்தார். அப்போதும் பணம் எல்லோருக்கும் பற்றுமா என்று தெரியாததால், கணக்கிட்ட தொகையில் 35 சதவீதத்தைத்தான் முதல் தவணையாகக் கொடுத்தார்கள்.

2022 இழப்புக்கான திட்டத்தில் வேறு மாதிரி வெட்டினார்கள். கணக்கிட்ட இழப்பில் முதல் 2,000 டாலர் முழுசாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. மேலே போகப் போக விகிதம் இறங்கி, 10,000-ஐத் தாண்டிய பகுதிக்கு 10 சதவீதம்தான். சிறு விவசாயிக்கு இது நல்லது என்றார்கள் சிலர். அதிகம் இழந்தவனுக்கு ஏன் குறைந்த விகிதம் என்று கேட்டார்கள் மற்றவர்கள். எனக்கு இரண்டாவது கேள்வி வெறும் பேராசையாகத் தோன்றவில்லை. பெரிய நட்டம் என்றால் பெரிய பண்ணை என்று எப்போதும் அர்த்தமில்லை, மொத்தமும் போன நடுத்தரப் பண்ணையாகவும் இருக்கலாம்.

இந்தப் பணத்தின் மேல் இன்னொரு குறையும் சொல்வார்கள். எப்படியும் காங்கிரஸ் கொடுக்கும் என்றால் எவன் பிரீமியம் கட்டுவான்? அதற்காகத்தான் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். இப்படிப் பணம் வாங்கியவர் அடுத்த இரண்டு பயிர் வருடங்களுக்குக் காப்பீடோ நாப்போ எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும்.

பெயரில் ஏமாறக் கூடாத இன்னும் இரண்டு தொகைகள் உண்டு. 2018, 2019-ல் சீனாவுடன் வந்த வர்த்தகப் போரின்போது விவசாயிகளுக்குச் சுமார் 2,300 கோடி டாலர் போனது. 2020-ல் கொரோனா காலத்துக்கென்று தனித் தொகை. இவற்றையும் சேர்த்து மொத்தமாக "பேரிடர் நிவாரணம்" என்று கூட்டினால் மழை பார்க்காத கணக்கு வந்துவிடும்.

## கைக்கு வரும் வழியில்

எந்தத் திட்டமானாலும் விவசாயி போய் நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். வேளாண்மைத் துறையின் கீழுள்ள பண்ணைச் சேவை முகமையின் உள்ளூர் அலுவலகம். காப்பீட்டுக்கு மட்டும் முகவரிடம் போக வேண்டும். இந்த அலுவலகங்களின் மேல் ஒரு குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களை அந்தப் பகுதி விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓர் இழப்பு உண்மையா, தகுதி உண்டா என்பதில் அந்தக் குழுவின் சொல்லுக்கு எடை அதிகம்.

எந்த வயலில் என்ன போட்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே பதிய வேண்டும். பல பயிர்களுக்குக் கடைசி நாள் ஜூலை 15. பதியாத வயலில் பயிர் அழிந்தால், அரசின் கண்ணில் அங்கே பயிரே இருக்கவில்லை. வருமான வரம்பும் உண்டு. மூன்று வருடச் சராசரி 9 லட்சம் டாலரைத் தாண்டினால் நிலையான திட்டங்கள் பொதுவாகக் கை விரித்துவிடும். அதெல்லாம் தாண்டி வந்த பிறகும், பட்ஜெட் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் மேய்ச்சல் ஈடு போன்ற தொகைகளில் 5.7 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

வேலி விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். 2024 பிப்ரவரியில் டெக்சஸின் வடமுனையில் பரவிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய தீ. அப்படி ஒரு தீயில் மாட்டோடு வேலியும் போகும். மைல் கணக்கில் புதுசாகப் போட வேண்டும். அதற்கு 75 சதவீதம் வரை செலவைப் பகிரும் தனித் திட்டம் உண்டு. ஆனால் ஒப்புதல் வாங்குவதற்கு முன்னால் வேலையைத் தொடங்கிவிட்டால் அந்தச் செலவு கணக்கில் சேராமல் போகலாம். தப்பிப் பிழைத்த மாடுகள் நெடுஞ்சாலையில் திரிந்துகொண்டிருக்கும்போது படிவத்துக்குக் காத்திருப்பது யாருக்கும் எளிதல்ல.

இறப்பு ஈட்டுக்கு ஆதாரம் வேண்டும். எத்தனை மாடு இருந்தது என்பதற்கு முந்தைய விற்பனைச் சீட்டு, கடன் பத்திரம், மருத்துவர் குறிப்பு. எத்தனை செத்தது என்பதற்குத் தேதியோடு எடுத்த புகைப்படம், சடலங்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்காரரின் ரசீது. ஆகவே புயல் ஓய்ந்ததும் மேய்ச்சல்காரர் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, சேற்றிலும் பனியிலும் நடந்து போய்க் காதில் குத்திய எண் தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுப்பது. சடலம் வெள்ளத்தோடு போய்விட்டால் மூன்றாம் மனிதர் ஒருவரின் சாட்சியம் எடுபடும். ஆனால் அந்தச் சாட்சி மேய்ச்சல்காரரின் குடும்பத்தாராகவோ அவரிடம் சம்பளத்துக்கு மாடு மேய்ப்பவராகவோ இருக்கக் கூடாது. அந்த மந்தையை நன்றாக அறிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள் மட்டும்தான்.